காய்வதற்குள் தொடாதே

ஜூன் 2, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை. எட்டு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதாதவள் எந்த முகத்தோடு கேட்பது? போனில் பேசினால் பாதி உனக்குக் காதில் விழுவதில்லை, மீதியை நான் விழுங்கிவிடுகிறேன். அதனால் பழையபடி பேனாவை எடுத்துவிட்டேன்.

இத்துடன் ஒரு பார்சல் வரும். உள்ளே இரண்டு பாட்டில். எங்கள் லேபில் கலக்கிய புது நெயில் பாலிஷ். பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பெயர் தெரிந்தால் போட்டுப் பார்ப்பவர்கள் அந்தப் பெயருக்குத் தகுந்த மாதிரி எழுதிவிடுகிறார்களாம், எங்கள் மேனேஜர் கண்டுபிடிப்பு. ஒவ்வொன்றையும் ஏழு நாள் விரலில் வைத்திருந்து, கூட இருக்கும் படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும்: நிறம், பளபளப்பு, காய்ந்த நேரம், எந்த விரலில் முதலில் உரிந்தது. வீட்டில் வைத்துப் போட்டுப் பார்க்க ஆள் தேடினார்கள். நாள் முழுக்க ஊசியும் கத்தரிக்கோலும் பிடித்துத் துணி தைக்கிற கை உன்னுடையது. அதில் நிற்கிற பாலிஷ் எதிலும் நிற்கும் என்று உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

ஒரே ஒரு வேண்டுகோள். காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்காதே. சின்ன வயதில் என் இடது கைக்கு நீதானே போட்டுவிடுவாய்? இடக்கைக்காரியான நான் வலது கையால் போட்டுக்கொண்டால் கோழி கிளறிய மாதிரி இருக்கும். நீ அவ்வளவு அழகாகப் போட்டுவிட்டு, இரண்டு நிமிஷம் பொறுக்காமல், “காஞ்சிருச்சா பாப்போம்” என்று என் மோதிர விரலில் ஒரு அமுக்கு அமுக்குவாய். உன் ரேகை அப்படியே பதிந்துவிடும். அதற்காக நான் அழாத நாள் கிடையாது. இந்தத் தடவையாவது கையைக் கட்டிக்கொண்டு இரு.

அத்தான் போனபோது நான் வராததைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

உன்,
சுண்டு


ஜூன் 12, வியாழன்

சுண்டுவுக்கு,

பார்சல் வந்தது. எட்டு மாதம் கழித்து எழுதுகிறவள் என்னைப் பற்றி ஒரு வரி, பாலிஷைப் பற்றி ஒரு பக்கம். போகட்டும், எழுதினாயே, அதுவே பெரிசு.

முதல் பாட்டிலின் படிவம் வைத்திருக்கிறேன். இடது கை நன்றாக வந்தது. வலது கையைப் பற்றி ஒன்றும் கேட்காதே. அவர் போன பிறகு நான் நகத்துக்கு எதுவும் போடவில்லை. உனக்கு இடது கை வராத மாதிரி எனக்கு வலது கைக்குப் போட்டுக்கொள்ள வராது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும், மேஜையில் பழைய பேப்பரை விரித்து எதிரே உட்கார்ந்து அவர்தான் போட்டுவிடுவார். கடைகளுக்கு போர்டு எழுதுகிற கை, கேட்க வேண்டுமா? நடுவில் ஒரு இழுப்பு, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, மூன்றே இழுப்பு. நகக்கண்ணை ஒட்டி மயிரிழை அளவு இடம் விடுவார். “எழுத்து ஓரத்துல முட்டக் கூடாதும்மா” என்பார். போட்டு முடிக்கும்வரை மூச்சே விடமாட்டார்.

அவருக்கு முன்னால் அந்த வேலை உன்னுடையதாக இருந்தது. எனக்குக் கல்யாணமான புதிதில் பிரஷை அவரிடம் தரமாட்டேன் என்று நீ மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

காய்ந்த நேரம் என்ற இடத்தில் ஆறு நிமிஷம் என்று போட்டிருக்கிறேன். ஐந்தாவது நிமிஷம் தொட்டேன். பழக்கம் விடுமா?

அக்கா


ஜூன் 18, புதன்

சுண்டு,

ஒரு சமாசாரம். சிரிக்காமல் படி.

ஞாயிறு மதியம் இரண்டாம் பாட்டிலை இடது கைக்குப் போட்டேன். வலது கையைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை, அப்புறம் பார்க்கலாம் என்று மூடியைத் திருகி வைத்துவிட்டு சோபாவில் சாய்ந்தேன். கண் அசந்துவிட்டது. எழுந்தபோது மணி நாலு. என் வலது கையின் ஐந்து நகங்களும் போட்டு முடிந்திருந்தன.

தூக்கக் கலக்கத்தில் நானே போட்டுக்கொண்டேன் என்றுதானே சொல்லப் போகிறாய்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூன்று இழுப்பு. நகக்கண்ணை ஒட்டி மயிரிழை இடம், ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி. என் இடது கைக்கு இந்த ஜென்மத்தில் அது வராது. நான் மேஜையில் தையல் துணியைத்தான் போட்டிருந்தேன். அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டுப் பழைய பேப்பர் விரித்திருந்தது. எதிர் நாற்காலி ஒரு ஜாண் வெளியே இழுத்திருந்தது. கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

தாழ்ப்பாளைத் திறந்து வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன். பிறகு கையைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. எழுந்து டீ போட்டேன்.

படிவத்தில் வலது கை, காய்ந்த நேரம்: தெரியாது, தூங்கிக்கொண்டிருந்தேன்.

அக்கா


ஜூன் 21, சனி

அன்புள்ள அக்காவுக்கு,

சிரிக்கவில்லை. ஆனால் பயப்படவும் இல்லை. உன் கண்ணுக்குச் சட்டைக் காலர் ஓரம்கூடக் கோணக் கூடாது. இருபது வருஷம் அவர் போடுவதைப் பார்த்த கை, அரைத் தூக்கத்தில் அதேபோலப் போட்டிருக்கும். தூக்கத்தில் நடக்கிறவர்கள் இல்லையா? நீ தூக்கத்தில் பாலிஷ் போடுகிறவள். ஆபீஸில் சொன்னால் உனக்கு வேலையே கொடுத்துவிடுவார்கள்.

மூன்றும் நாலும் இத்துடன் வருகின்றன. மூன்றாவது புது மாதிரி. அதற்கான செய்முறைத் தாள் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, அதன்படி செய். நான் முன்கூட்டியே ஏதாவது சொன்னால் மேனேஜர் என்னைப் பிடித்துக்கொள்வார்.

நேரத்துக்குச் சாப்பிடு. பகலில் அதிகம் படுக்காதே.

சுண்டு


ஜூன் 30, திங்கள்

சுண்டு,

பெட்டியில் தாள் கீள் ஒன்றும் இல்லை. இரண்டு பாட்டில்தான் இருந்தது.

போன வாரம் பாட்டில் வந்து சேராத ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கையை மேஜையில் நீட்டி வைத்துக்கொண்டு நாலு மணி வரை உட்கார்ந்திருந்தேன். தூங்கவில்லை. நான் விழித்திருந்தால் அவர் வரமாட்டார் போலிருக்கிறது.

நேற்று மூன்றாம் பாட்டிலை இடது கைக்குப் போட்டேன். கருநீலம், உள்ளே பொடிப்பொடியாக மினுமினுப்பு. பரவாயில்லை, அவ்வளவுதான். பிறகு படுத்தேன். எழுந்தால் வலது கை தயார். ஆனால் இந்தத் தடவை ஒன்று புரியவில்லை. வலது கை நகம் ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு வெள்ளிக் கோடு ஓடுகிறது, பூனைக் கண்ணில் தெரிகிற மாதிரி. கையை அசைத்தால் அதுவும் அசைகிறது. இடது கையில் அந்தக் கோடு இல்லை. ஒரே பாட்டில், ஒரே பிரஷ். அந்தக் கோடு எப்படி வரும்? உனக்குத் தெரியுமே, எழுது.

தையலுக்கு வந்த பக்கத்து வீட்டு நர்ஸ் என் கையைப் பார்த்துவிட்டு, “எந்தப் பார்லர்ல போட்டீங்க? இவ்ளோ நல்லா இருக்கே” என்று கேட்டாள். வீட்டிலேயே என்று சொன்னேன்.

அக்கா


ஜூலை 3, வியாழன்

அக்கா,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். பிறகு என் மேஜை இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். செய்முறைத் தாள் அதற்குள்தான் இருக்கிறது. அவசரத்தில் பெட்டியில் வைக்க மறந்துவிட்டேன். அந்தத் தாளில் ஒரு சின்னக் காந்தத்தைச் சுற்றி வைத்திருந்தேன். அதுவும் இங்கேயேதான் இருக்கிறது.

மூன்றாவது பாலிஷில் இரும்புத் துகள் கலந்திருக்கிறது. ஈரம் காய்வதற்குள் நகத்துக்கு மேலே காந்தத்தைப் பிடித்தால் துகள்கள் திரண்டு கோடாக நிற்கும். காந்தம் இல்லாமல் அந்தக் கோடு வரவே வராது. நான் இங்கே இருபது தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். தூக்கத்தில் நீ பிரஷ் பிடித்திருக்கலாம், அக்கா. இல்லாத காந்தத்தை எப்படிப் பிடிப்பாய்?

எனக்குப் பயமாக இருக்கிறது. நாலாம் பாட்டிலைத் திறக்காதே. அது சூட்டுக்கு நிறம் மாறுகிற பாலிஷ். குளிர்ந்தால் இருண்ட கத்தரிப்பூ நிறம், உடம்புச் சூடு பட்டால் வெளிர் ரோஜா. இந்த வேலையே வேண்டாம், எல்லாவற்றையும் மூட்டை கட்டி அனுப்பிவிடு. நீயும் கிளம்பி என்னிடம் வந்துவிடு. இங்கே ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது. 12ஆம் தேதி சனிக்கிழமை நானே வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். கட்டாயம் வருகிறேன்.

சுண்டு


ஜூலை 8, செவ்வாய்

சுண்டு,

திறக்காதே என்று நீ எழுதிய கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். என்றைக்கு நான் உன் பேச்சைக் கேட்டிருக்கிறேன்?

இடது கை கொஞ்ச நேரத்தில் ரோஜா நிறமானது. தூங்கி எழுந்தால் வலது கை இருட்டாக இருந்தது, ஏறக்குறையக் கறுப்பு. நிறம் மாறும் என்று காத்திருந்தேன். மாறவில்லை. இரண்டு கையையும் சுடுதண்ணீரில் முக்கினேன். இடது கை இன்னும் வெளுத்தது, வலது கை அப்படியே இருந்தது. கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், ஐஸ். ஆனால் எனக்குக் குளிரவில்லை. யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. பிரஷ் படாமல் இருக்க விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிடிப்பாரே, அந்தப் பிடி. தைக்கும்போதும் விடுவதில்லை.

உன்னிடம் வரச் சொல்கிறாய். இந்த வீட்டை விட்டு நான் வந்துவிட்டால் அவர் யாருக்குப் போட்டுவிடுவார்?

மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ வராதது எனக்கு ஆறவில்லை. அன்றைக்கு அவர் நகக்கண்ணில் பச்சை பெயிண்ட் ஒட்டியிருந்தது, அதற்கு முந்தின நாள் எழுதிய போர்டு. அப்படியே அனுப்ப மனசில்லாமல் நான்தான் துடைத்தேன். விரல் விறைத்திருந்தது, ஒரு கையால் பிரித்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் துடைக்க முடியவில்லை. நீ இருந்திருந்தால் பிடித்துக்கொண்டிருப்பாய். வாசலில் ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தேன், சுண்டு.

12ஆம் தேதி வா. கூட்டிப் போக வேண்டாம், சும்மா வந்து இருந்துவிட்டுப் போ.

அக்கா


ஜூலை 11, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் கெட்டதைச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு வர முடியவில்லை. மூன்றாம் எண் கலவை பாட்டிலுக்குள்ளேயே பிரிந்துவிட்டது, முழுக்கத் திரும்பக் கலக்க வேண்டும், என்னை விட்டால் ஆள் இல்லை. 19ஆம் தேதி சனிக்கிழமை காலையில் உன் வாசலில் நிற்பேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது, அதைவிடக் கெட்டது. அத்தான் போனபோது லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேனே, அது பொய். லீவு கொடுத்தார்கள். பஸ் நிலையம் வரை வந்தேன். டிக்கெட்டும் வாங்கினேன். அந்தக் கையை அசைவில்லாமல் பார்க்க வேண்டுமே என்று நினைத்ததும் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். உன் வலது கையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டவர் என்று எத்தனையோ தடவை அவரைத் திட்டியிருக்கிறேன். அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவரிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

இந்தத் தடவை பஸ்ஸை விடமாட்டேன். அதுவரை அந்த நர்ஸிடம் கையைக் காட்டு. ரத்த ஓட்டம் குறைந்தாலும் கை சில்லிடும். ரிமூவரால் அதைத் துடைத்துவிடு, தயவு செய்து.

உன்,
சுண்டு


ஜூலை 14, திங்கள்

சுண்டு,

நீ பஸ் நிலையம் வரை வந்ததே எனக்குப் பாதி ஆறுதல். மீதிக்கு நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்.

நேற்று இடது கைக்கும் அவரே போட்டுவிட்டார். படுக்கும்போது இரண்டு கையும் துடைத்து வெறுமையாக இருந்தது. எழுந்தால் பத்து விரலும் இருட்டு. இப்போது ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. தைக்க வந்த துணிகளை நர்ஸிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். அவள் நாடி பார்த்தாள், மறுபடி பார்த்தாள், “நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாங்க்கா” என்றாள். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பயமா என்று கேட்பாய். தூங்கப் போகும்போது இல்லை. எழுந்திருக்கும்போதுதான் கொஞ்சம்.

உன் இடது கைக்கு இப்போது யார் போட்டுவிடுகிறார்கள்? போன தடவை பார்த்தபோது கோழி கிளறித்தான் இருந்தது. வா, போட்டுவிடுகிறேன். நாலாம் பாட்டிலில் ஒரு கைக்கு மட்டும் மிச்சம் வைத்திருக்கிறேன், உனக்கென்றுதான். அவரையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். காயும்வரை தொடமாட்டேன், சத்தியம்.

சனிக்கிழமை என்கிறாய். கொஞ்சம் முன்னால் வர முடியுமா?

எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள்.

அக்கா


ஜூலை 20, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. உன் வீட்டில், உன் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. புதன்கிழமையே கிளம்பியிருக்கலாம். லீவு சனிக்கிழமைக்குத்தானே எழுதிக் கொடுத்தோம் என்று இருந்துவிட்டேன், அக்கா. வியாழன் சாயங்காலம் நர்ஸ் போன் பண்ணினாள். மதியம் சோபாவில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை என்றாள். நான் வந்து சேர்ந்தபோது உன்னைத் துடைத்துச் சேலை மாற்றியிருந்தார்கள். நகத்தை மட்டும் எதனாலும் துடைக்க முடியவில்லையாம். அன்றைக்கு அத்தான் கையைப் பிடித்துக்கொள்ள நான் இல்லை. இந்தத் தடவை உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் முடிந்துவிட்டது. வந்தவர்கள் காலையில் போய்விட்டார்கள். மதியம் உன் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். நாலாம் பாட்டில் தையல் மெஷின் மேல் இருந்தது. அடியில் ஒரு கைக்குப் போதும்படி மிச்சம். நீ சொன்னபடியேதான் வைத்திருந்தாய். அதைக் கையில் எடுத்ததும் என்னால் தாங்க முடியவில்லை. திரும்ப வைத்துவிட்டு இந்த மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. அப்படியே கண் அசந்துவிட்டது.

எழுந்தபோது மணி நாலு. என் வலது கை தலைக்கு அடியில் இருந்தது. இடது கை எதிர் நாற்காலியைப் பார்த்து நீண்டு கிடந்தது, அதன் கீழே பழைய பேப்பர். அந்தக் கையின் ஐந்து நகங்களும் இருட்டாக இருந்தன. பாட்டில் பக்கத்தில் திறந்து கிடந்தது. காலி. பிரஷ் இன்னும் ஈரமாக இருந்தது.

கத்தினேனா என்று தெரியவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கதவைப் போய்ப் பார்த்தேன், தாழ்ப்பாள் போட்டிருந்தது. கை தோள் வரைக்கும் சில்லென்று இருந்தது. உன் ரிமூவர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகும்போதுதான் கட்டைவிரல் நகம் வெளுக்க ஆரம்பித்தது. பிறகு ஆள்காட்டி விரல். பிறகு நடுவிரல். ஒவ்வொரு விரலாக விட்டுக்கொண்டே வந்தாய். சுண்டு விரலைத்தான் ரொம்ப நேரம் விடவில்லை. அதுவும் ரோஜாவானது. ரிமூவரை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

இந்த இடது கையால்தான் இதை எழுதுகிறேன். பயமில்லை என்று சொன்னால் பொய். உனக்கும் முதலில் போட்டுக்கொள்ள வராத கைக்கு மட்டும்தான் அத்தான் போட்டுவிட்டார், பிறகு இரண்டு கைக்கும் என்று ஆனது. எனக்கு வலது கைக்குப் போட்டுக்கொள்ள வரும், அக்கா. அது எப்போதும் எனக்கு நன்றாக வரும். அதை மட்டும் எனக்கு விட்டுவிடு.

ஆபீஸ் படிவம் ஒன்று மிச்சம் இருக்கிறது. வேலை ஆயிற்றே, எழுதிவிடுகிறேன்.

எண்: நாலு. கை: இடது. போட்டவர்: அக்கா.
நிறம்: முதலில் இருட்டு, இப்போது வெளிர் ரோஜா.
பளபளப்பு: நான்கு விரலில் நன்று. மோதிர விரலில் ரேகை பதிந்திருக்கிறது.
காய்ந்த நேரம்: தெரியாது. காய்வதற்குள் தொட்டுவிட்டாள்.

சுண்டு